கணக்குப்பிள்ளைக் கடவுள்

சனிக்கிழமை இரவு நற்செய்திக் கன்வென்ஷன் பந்தலில் பேசப்பட்டதை உங்களில் பலர் நேரிலேயே கேட்டீர்கள். மற்றவர்களுக்கு அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். “படிப்பு கூடக்கூட விசுவாசம் குறைகிறது, ஐரோப்பாவைப் பாருங்கள்” என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்த்தேன். 1806இல் நம் குமரியின் மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக. அந்த இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்வோர் 2011இல் 59.3 விழுக்காடு, 2021இல் 46.2. நம் குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 47. அங்கே ‘மதம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இங்கே நம் பிள்ளைகள், கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க ஒரு சபை வேண்டுமே என்று பெயரை மட்டும் பதிவேட்டில் விட்டுவைத்திருக்கிறார்கள். மேடையில் நாம் காட்டுகிற, பாவக் கணக்கு எழுதும் கடவுளைத்தான் அவர்கள் விட்டுப் போகிறார்கள்.

அப்பா புற்றுநோயில் கிடந்த கடைசி மாதம், ஜெபிக்க வந்த ஒருவர் ஒலிவ எண்ணெய்க் குப்பியைத் தலையணையருகே வைத்துவிட்டு, “இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது” என்றார். நாற்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் நின்ற அப்பாவுக்கு அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. கதவோரம் நின்று கேட்ட என் மகன் அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவில்லை. அவன் அப்போது பிளஸ் டூவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான் என்பதும் உண்மைதான்; பழியை இயற்பியல்மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

சபைக் காரியத்தைச் சந்திக்கு இழுக்கலாமா என்பீர்கள். ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே சொன்னது நானல்ல. நீ இறையியல் படித்தாயா என்போருக்கு: ஜெர்மனியின் போன்ஹோஃபர் இறையியல் படித்தவர், போதகர், ஹிட்லர் ஆட்சியில் 1945இல் தூக்கிலிடப்பட்டவர். நம் அறிவுக்கு எட்டாத இடத்தை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1944இல் சிறையிலிருந்து எழுதியவர் அவர்தான். படிப்பைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளென்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்டிருக்கிறார். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் அள்ளிக்கொண்டு போனவர்களை எந்தப் பாவக் கணக்கில் எழுதுவீர்கள்? அப்பாவை எதில் எழுதினீர்கள்?

கூட்டத்தின் முடிவில் காணிக்கைப் பை என்னிடம் வந்தபோது ஒன்றும் போடாமல் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.