அட்டையோடு குப்பையில் போட்டவர்

நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் படபடப்புக்காக இரண்டு வருடமாகக் காலையும் இரவும் அல்ப்ரசோலம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் திடீரென்று "இனி இந்தக் கருமமே வேண்டாம்" என்று அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெருமை. இரண்டாம் நாள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது, அப்படி ஒரு நடுக்கம். மூன்றாம் நாள் வலிப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறமும் வீட்டில் என்ன பேச்சு தெரியுமா? "மாத்திரையோட விஷம் வெளியேறுது!" இதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைக் கிளப்பிவிடுவதுதான் வேலை என்று நினைக்கிறோம். "நீ சும்மா இரு" என்று அடக்குவதும் அதே அளவு முக்கியமான வேலை. பெருமூளையின் மேலடுக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நரம்பணுக்கள்தான் இதைச் செய்கின்றன, ஆனால் அந்தச் சின்னக் கூட்டம் ஓய்ந்துபோனால் மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிடும். வலிப்பு என்பது அந்தக் கூச்சல்தான்.

அடக்குவதற்கான ரசாயனத்தின் பெயர் காபா. வேடிக்கை என்னவென்றால், கிளப்பிவிடும் ரசாயனமான குளூட்டமேட்டிலிருந்துதான் மூளை காபாவைச் செய்துகொள்கிறது, அதற்கு வைட்டமின் பி6 வேண்டும். காசநோய்க்கான ஐசோனயசிடை அளவுமீறி விழுங்கியவருக்கு அடங்காத வலிப்பு வருவதும், பி6 ஊசியே அதற்கு மருந்தாவதும் இதனால்தான்.

காபா போய் ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அது நரம்பணுவின் மேல்தோலில், ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஓட்டை விட்டதுபோல இருக்கும். காபா ஒட்டியதும் ஓட்டை திறக்கும், எதிர்மின்னேற்றமுள்ள குளோரைடு உள்ளே பாயும், அந்த நரம்பணுவைக் கிளப்புவது அப்புறம் கஷ்டம். அல்ப்ரசோலம், டையசெபாம் வகையறா காபாவின் இடத்தைப் பிடிப்பதில்லை. பக்கத்து இடுக்கில் செருகிக்கொண்டு, காபா வரும்போது ஓட்டை இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. காபா வராவிட்டால் இவையும் சும்மாதான். பார்பிட்யூரேட் என்ற பழைய தூக்கமருந்து அப்படியில்லை, திறந்த ஓட்டையைச் சீக்கிரம் மூட விடாது, அளவு ஏறினால் காபா இல்லாமலேயே திறந்துவிடும், மூச்சு நின்றுபோகும். அதனால்தான் 1960இல் அல்ப்ரசோலம் வகையின் முதல் மருந்தான குளோர்டையசெபாக்சைடும் 1963இல் டையசெபாமும் வந்தபோது பாதுகாப்பான மாத்திரை வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அதில் பாதிதான் நியாயம். மதுவோடோ மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்தோடோ சேர்ந்தால் இவையும் மூச்சை நிறுத்தும்.

(கபாபென்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது, பெயரில்தான் காபா. அது காபா ஏற்பியைத் தொடுவதே இல்லை, கால்சியம் போகும் வழியில் வேலை செய்கிறது. பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.)

தினமும் மாத்திரை என்ற வெளியாள் வந்து அடக்கிக்கொடுத்தால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். ஏற்பிகள் மந்தமாகும், கிளப்பிவிடும் பக்கத்தின் கை ஓங்கும். அந்த நிலையில் வெளியாளை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அடக்க ஆளில்லாமல் முன்னே சொன்ன அந்தக் கூச்சல்தான். குடியைத் திடீரென்று விட்டவருக்குக் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டு, வலிப்பு வருவதும் இதே கணக்குதான். மதுவும் இந்த ஏற்பியில் கைவைக்கிற பொருள், அந்த வலிப்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் டையசெபாம் வகைதான்.

எனக்குக் கோபம் எங்கள் சொந்தக்காரர்மேல் இல்லை. மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவர் சீட்டில் "காலை, இரவு" என்று போட்டாரே தவிர, எத்தனை வாரம், எப்படி நிறுத்துவது என்று ஒரு வரி போடவில்லை. பொதுவாகச் சில வாரங்களுக்கு மேல் போகக்கூடாத மருந்து, இரண்டு வருடம்! உடல் இதற்குப் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்ற கட்டம் கட்டிய எச்சரிக்கையை இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின்மேலும் போடச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டதே 2020இல்தான். அறுபது வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இப்போது வேறு மருத்துவர் அதே வகை மருந்தை மறுபடி தொடங்கி, மாதக்கணக்கில் இம்மி இம்மியாகக் குறைக்கிறார். நம்மாள் ராத்திரி மேசைவிளக்கைப் போட்டுக்கொண்டு, பிளேடால் மாத்திரையைக் கால் கால் துண்டாக வெட்டுகிறார். வீட்டில் இதைத் தோல்வி என்கிறார்கள், குப்பையில் போட்ட அன்றைக்குப் பாராட்டிய அதே ஆட்கள்.