அந்த 1890 பேச்சு பற்றி ஒரு திருத்தம்

தி.நகர் கடையொன்றின் பில் கவுன்ட்டருக்கு மேலே மாட்டியிருக்கும் பலகைப் படத்தைப் போட்டு, "வாடிக்கையாளரே நம் மிக முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பியிருக்கிறோம்" என்பது காந்தி 1890-ல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்று மேலே பகிர்ந்திருக்கிறார்கள். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பகிர்ந்தவரைக் குறை சொல்லவில்லை. வங்கிக் கிளைகளிலும் இதே வாசகம், கீழே வட்டக் கண்ணாடிப் படத்தோடு தொங்கும்.

ஆனால் 1890-ல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார், 12-ஆம் தேதியே ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். தென்னாப்பிரிக்கா போனது 1893-ல்தான், அதுவும் ஒரு வியாபார நிறுவனத்தின் வழக்குக்காக.

இதைச் சரிபார்க்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. புத்தகக் காட்சியில் மலிவு விலையில் கிடைக்கும் 'சத்திய சோதனை'யை எடுங்கள்: முதல் பாகத்தின் கடைசியில் அந்த ஜூன் தேதிகள், இரண்டாம் பாகத்தில் தென்னாப்பிரிக்கப் பயணம். காந்தியின் எழுத்து, பேச்சு முழுவதும் 100 தொகுதிகளாக ஆங்கிலத்தில் இருக்கிறது. காந்தி பாரம்பரிய இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். முதல் தொகுதியிலேயே அந்த வருடங்கள் வந்துவிடும். அப்படியொரு பேச்சு அதில் கிடையாது.

கிட்டத்தட்ட இதே வரிகள் 1941-ல் அமெரிக்க விளம்பரத் துறை இதழ் ஒன்றில், ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியின் விற்பனைத் துறைத் தலைவர் சொன்னதாக அச்சாகியிருக்கின்றன. காந்தி பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. கீழே இருக்கும் பெயரையும் வருடத்தையும் மட்டும் எடுத்துவிடலாம்.