பிரீமியம் என்றால் ஏற்றம் வரும் என்று அர்த்தமில்லை

இன்டெக்ஸ் என்பது பல பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் எண். ஃபியூச்சர்ஸ் என்பது அதைப் பின்னால் ஒரு தேதியில், இன்றே பேசி வைத்த விலையில் வாங்க, விற்கச் செய்யும் ஒப்பந்தம். அந்த விலை இன்டெக்ஸை மிஞ்சி நிற்கும் அளவுதான் பிரீமியம்.

"ஃபியூச்சர்ஸ் விலை இன்டெக்ஸை விட மேலே நிற்கிறது, அதனால் சந்தை ஏறப்போகிறது என்று பெரிய ஆட்களுக்குத் தெரியும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. இதை நம்பிப் பணம் போடுகிறவர்கள் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்டெக்ஸ் 20,000, ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃபியூச்சர்ஸுக்குப் பதிலாக இன்டெக்ஸில் உள்ள பங்குகளை இப்போதே வாங்கி 3 மாதம் வைத்திருந்தால் வட்டிச் செலவு சுமார் 300 புள்ளி. அதற்குள் கிடைக்கும் டிவிடெண்ட் (நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) 60 புள்ளி என்றால், 3 மாத ஃபியூச்சர்ஸின் நியாய விலை 20,240. அந்த 240-இல் யாருடைய கணிப்பும் இல்லை. விலை 20,300-க்குப் போனால் ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள் (இரண்டு சந்தைகளின் விலை வித்தியாசத்தில் லாபம் எடுப்பவர்கள்) ஃபியூச்சர்ஸை விற்றுப் பங்குகளை வாங்குவார்கள், இடைவெளி சுருங்கிவிடும். டிவிடெண்ட் வட்டியை மிஞ்சினால், எல்லோரும் நம்பிக்கையோடு இருக்கும்போதுகூட ஃபியூச்சர்ஸ் இன்டெக்ஸுக்குக் கீழேதான் நிற்கும்.

சரி, புதிய செய்தி பல நேரம் ஃபியூச்சர்ஸில்தான் முதலில் தெரிகிறது, அது உண்மை. ஒரே ஆர்டரில் மொத்தச் சந்தையையும் குறைந்த செலவில் வாங்கலாம், விற்கலாம். இன்டெக்ஸோ ஒவ்வொரு பங்கும் கடைசியாக வர்த்தகமான விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை பெரிதாகச் சரிந்த 1987 அக்டோபர் 19 அன்று காலை நியூயார்க்கில் பல பெரிய பங்குகளின் வர்த்தகம் தாமதமாகத் தொடங்கியது. இன்டெக்ஸில் பழைய விலைகளே இருந்தன. சிகாகோவில், 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் இன்டெக்ஸான எஸ்&பி 500 ஃபியூச்சர்ஸ் அதைவிட வெகு கீழே போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே வெறும் பிரீமியத்தைப் பார்க்காதீர்கள். நியாய விலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அதிலும் தெரிவது பெரும்பாலும் அப்போதைய வாங்கும், விற்கும் அழுத்தம்தான்.