டிப் போட்டால் முட்டை சாகாது

"கடல்நீர் மீன் தொட்டிக்கு வாங்கிய புது உயிர்ப் பவளத்தை டிப் மருந்தில் 10 நிமிடம் முக்கினால் பூச்சி, முட்டை எல்லாம் செத்துவிடும், தனித் தொட்டி வேண்டாம்" என்ற தகவலைக் காரைக்குடிப் பக்கம் பலரும் பகிர்கிறார்கள். பாதி சரிதான் அண்ணே. ஊர்ந்து திரியும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), தட்டைப்புழு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். முட்டை அப்படியில்லை, மேலிருக்கும் வழுவழுப்பான உறையைத் தாண்டி மருந்து சரியாக இறங்காது.

நீங்களே பார்க்கலாம். டிப் முடித்த ஜோயாந்தஸ் என்ற கொத்துப் பவளத்தைத் தலைகீழாகத் திருப்பி, டார்ச் அடித்து, தண்டுகளுக்கு நடுவே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சுருளாக, ஜவ்வு மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான் நூடிபிராங்க் முட்டை. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். முடிந்தால் பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையான பிளக்கையே மாற்றிவிடுவது நல்லது. பிறகு 4 முதல் 6 வாரம் தனித் தொட்டி, 5–7 நாளுக்கு ஒருமுறை மறு டிப். டிப் போட்ட நீரை ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள்: பொடிப்பொடியாகக் குஞ்சுகள் கிடந்தால், முதல் டிப்பில் முட்டை சாகவில்லை என்று அர்த்தம்.

ஒன்று மட்டும்: நம்ம ஊர் சித்திரை வெயிலில் சின்னத் தொட்டி மளமளவென்று வற்றி உப்பு ஏறிவிடும். ஆர்ஓ நீர் ஊற்றி உப்பின் அளவை (ஒப்படர்த்தி) 1.025-இல் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்.