ஆணவமாம்!

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பழைய சீன வரலாற்றாசிரியர் லியூ ஜிஜியைப் பற்றிப் பேசினார். அவர் சொன்ன ஒரு சொல் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. லியூ ஜிஜி ‘ஆணவக்காரர்’. கன்பூசியஸையே குறை சொன்னவராம்! சொன்ன பெரியவர், வரலாறு எழுதுவதைப் பற்றி லியூ ஜிஜி எழுதிய ‘ஷிடோங்’கில் எத்தனை பக்கம் படித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஆணவக்காரன்.

லியூ ஜிஜி யாரையும் திட்டவில்லை. கன்பூசியஸ் தொகுத்ததாகச் சொல்லப்படும் நாட்டுக்குறிப்பில், அவருடைய சொந்த லூ நாட்டுக்கு அவமானமானவை மூடி மறைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். மறைத்ததை மறைத்தது என்றார். இதில் ஆணவம் எங்கே வந்தது?

சிறுவயதில் பழைய ஆவண நூல் மண்டையில் ஏறவில்லை என்று அப்பாவிடம் அடி வாங்கியவர் அவர். அண்ணன்களுக்கு அப்பா வரலாற்றுக் கதை சொன்னபோது ஒட்டுக்கேட்டு, ‘எல்லாப் புத்தகமும் இப்படி இருந்தால் நான் சோம்பேறியாக இருக்கமாட்டேன்’ என்றாராம். அந்தப் பையன்தான் பிறகு சீனாவின் தாங் அரசவையின் வரலாற்று அலுவலகத்துக்குப் போனார். 708இல் வேலையே வேண்டாம் என்று கடிதம் எழுதினார். பத்து ஆட்டுக்கு ஒன்பது மேய்ப்பர் என்று அதில் புலம்புகிறார். ஒரு மேலதிகாரி உள்ளதை எழுது என்பார், இன்னொருவர் கெட்டதை மறை என்பார். மற்றவர்கள் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அந்த வெறுப்பில் தனியாக எழுதி 710இல் முடித்ததுதான் ‘ஷிடோங்’.

எனக்கு இது புத்தக விஷயம் மட்டுமல்ல. ஒரு பொன்விழா மலருக்குக் கட்டுரை கொடுத்தேன். வேலைநிறுத்தம் பற்றிய பத்தியைச் சிவப்பு மையில் வளைத்து, ‘இது இப்போது தேவையா?’ என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேர் குழு. நான்கு பேருமே நல்லவர்கள்தான். பத்தி மட்டும் போய்விட்டது.

குழுவாக எழுதினால் தவறு குறையாதா என்பீர்கள். குறையும், சரி. பின்னால் வந்த சீன வரலாற்றாசிரியர் சிமா குவாங்குக்கும் உதவியாளர்கள் இருந்தார்கள். ஆனால் வெட்டி ஒட்டிய கடைசிக் கை அவருடையது. முன்னோடி வரலாற்றாசிரியர் சிமா சியெனைக்கூட லியூ ஜிஜி குறை சொல்லாமல் விடவில்லையே என்றால், ஆமாம், விடவில்லை. அப்புறம்?

721இல் லியூ ஜிஜி மகனுக்காக வாதாடப் போய், பேரரசரின் கோபத்துக்கு ஆளாகி, பதவி இறக்கப்பட்டு ஆன்சோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே பேரரசர் ஆள் அனுப்பி அவர் புத்தகத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். படித்துப் பாராட்டினாராம். அதைக் கேட்க லியூ ஜிஜி இல்லை.

என்னிடமிருந்த ‘ஷிடோங்’ மொழிபெயர்ப்புப் பிரதியை அந்தப் பெரியவருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பென்சில் கோடுகள் என்னுடையவை. அழிக்க வேண்டாம், ஐயா.