அல்லியும் தாமரையும் சொந்தமில்லை

பூக்கும் தாவரங்கள் விதைக்குள் ஒரு இலை உள்ள ஒருவித்திலை, இரண்டு இலை உள்ள இருவித்திலை என இரண்டே வகை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன், ஆனால் 1998-இல் மரபணு அடிப்படையில் ஏபிஜி (பூக்கும் தாவரங்களின் பரிணாம உறவை ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர் குழு) வகைப்பாடு வந்த பிறகு அது நிற்காது. ஒருவித்திலை சரி, ஒரே மூதாதையின் வழி வந்த குழு. இருவித்திலை அப்படி இல்லை. மிளகு, வெற்றிலை, சீதா, லவங்கப்பட்டை எல்லாம் மேக்னோலிட் என்ற தனிக் கிளை. மகரந்தத்தில் பொதுவாக மூன்று துளை இருக்கும் மெய் இருவித்திலைகள் வேறு கிளை. அப்புறம் அல்லியும் தாமரையும்! ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூக்கும், பார்க்கவும் ஒன்றுபோல் இருப்பதால் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். உண்மையில் அல்லி மிகப் பழைய கிளை, தாமரைக்கு நெருங்கிய சொந்தமோ தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரம். மாணவர்கள் படிக்கிற கட்டுரை, தயவுசெய்து திருத்திவிடுங்கள்.