களையெடுப்பும் தூக்குக் கயிறும்

ஒரு சிறுமியின் கொலைச் செய்தி தொலைக்காட்சியில் ஓடிய மறுநாள் மாலை, எங்கள் தோட்டத்துக் கோயில் முன்றலில் கூடியிருந்தவர்களுள் பெரும்பாலானோர் இலங்கையில் தூக்குத்தண்டனையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதற்குத் திருக்குறளையே சாட்சிக்கு அழைத்தார்: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." பிறகு என் பக்கம் திரும்பி, "களையைப் பிடுங்காம பயிர் வளருமா, தம்பி?" என்று கேட்டார்.

பரிமேலழகரும் அக்குறளுக்குக் கொலைத்தண்டனை என்றே பொருள் கொள்கிறார் என்பதால், மாஸ்டர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று நான் வாதிட முடியாது. ஆனால் ஒறுத்தல் என்ற சொல்லுக்குத் தண்டித்தல் என்பதே பொதுப்பொருள். தன்னுயிரே போவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கும் வினையைச் செய்யாதே என்று கொல்லாமை அதிகாரத்தில் சொன்னவரும் அதே வள்ளுவர்தான். தவிரவும், மலையில் புல்வெட்டியவர்களுக்குக் களையெடுப்பு அவ்வளவு எளிய உவமையன்று. என் அம்மா சுரண்டியால் புல்லைச் செதுக்கிய சரிவுகளில் அடுத்த மழைக்கு மேல்மண் கரைந்து வடிகானில் இறங்கியதையும், புல்லோடு சேர்ந்து இளங்கன்றின் வேர் அறுந்ததற்காக அவர் ஏச்சு வாங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டில் நூல்கள் மாறியதில்லை. நமது மனநிலைதான் மாறியிருக்கிறது. எல்லோரும் சாவுக்கு அஞ்சுகிறார்கள், தன்னைப் போல் பிறரை எண்ணிக் கொல்லவும் கொல்விக்கவும் வேண்டாம் என்கிறது தம்மபதம். 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தூக்கைச் சட்டம் இயற்றி நிறுத்திவைத்தது. 1959இல் அவரையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றதும் அச்சட்டம் நீக்கப்பட்டு, 1962இல் அந்தப் பிக்கு தூக்கிலிடப்பட்டார். அந்த ஆறு ஆண்டுகளில் தம்மபதத்தின் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 1976க்குப் பின் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் நீதிமன்றங்கள் மரணதண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2019இல் ஜனாதிபதி நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

குர்ஆனில் பழிக்குப் பழி சொல்லும் வசனத்திலேயே மன்னிப்புக்கும் இடம் வைக்கப்பட்டிருக்கிறது. மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய், தன் பொறுப்பிலிருந்த குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ரிசானா நபீக்குக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 2013 ஜனவரியில் சவூதியில் அவருடைய தலை வெட்டப்பட்டது. குழந்தை இறந்தபோது அவர் பதினெட்டு வயதைக்கூட எட்டாதவர் என்று அன்று நாமெல்லோரும் கண்ணீர் விட்டோம். அதே வாய்கள்தான் இன்று கயிறு கேட்கின்றன.

எனக்குச் சிலப்பதிகாரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்று பாண்டியன் சொன்னதும் அறநூல் வழிப்பட்ட வாக்கியமே. சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டும்வரை அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. கோவலன் ஊருக்குப் புதியவன், அவனுக்காகப் பேச அரண்மனையில் ஆளில்லை. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்கு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர் இருவர் தூக்கில் தொங்கினார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் கயிறு எந்தக் கழுத்துகளை விரைவாக எட்டும் என்பதை மலையகத்தவர் மறக்கலாமா?

"அப்ப அந்தப் பிள்ளையோட தாய்க்கு என்ன சொல்லப் போற?" என்று மாஸ்டர் கேட்டார். அந்தத் தாய் கயிறு கேட்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, நாம் கேட்பதாயிருந்தால் வள்ளுவரை முன்னே நிறுத்தாமல் கோபத்தில் கேட்கிறோம் என்றே சொல்லிக் கேட்போம், மாஸ்டர், என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பூசை மணி அடித்துவிட்டது.